மகனா, மருமகனா? 'மார்த்தாண்டவர்மா' நாவல் இன்னும் படிக்கப்படுவது ஏன்

தக்கலையில் பஸ் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் வரும். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் அரண்மனையைக் கேரள அரசு ஏன் பராமரிக்கிறது என்பது முதலாவது. இரண்டாவது இதைவிடச் சிக்கலானது. பின்னாளில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மா பலாமரப் பொந்துக்குள் ஒளிந்தார் என்பார்கள், ஒரு பைத்தியக்காரன் வந்து அவர் உயிரைக் காப்பாற்றினான் என்பார்கள், சுபத்ரா என்றொரு பெண் அவருக்காக வெட்டுப்பட்டுச் செத்தாள் என்பார்கள். இதில் எது நடந்தது, எது நாவல்?

பதில் தேடினால் 1891-ல் மலையாளத்தில் வெளிவந்த ஒரு புத்தகத்திடம் போய் நிற்போம். சி.வி. ராமன் பிள்ளை எழுதிய 'மார்த்தாண்டவர்மா' அது. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். தமிழில் முதல் வரலாற்று நாவலாகச் சொல்லப்படும் 'மோகனாங்கி' 1895-ல்தான் வந்தது. உள்நாட்டுச் சண்டையின் நடுவே நடக்கும் காதல் கதைகளைச் சொல்லும் இந்த நாவல், நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அச்சில் இருக்கிறது, பாடமாக இருக்கிறது, எல்லையின் இரண்டு பக்கமும் வாய்வழிக் கதையாகவும் ஆகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று புரிய, முதலில் ஊரும் உறவுமுறையும் தெரிய வேண்டும்.

எல்லை இல்லாத காலத்து ஊர்கள்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்ற கோடு 1956 நவம்பர் 1-ல் விழுந்தது. அதற்கு முன்பு தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தன. தமிழ் பேசுவோர் பெரும்பான்மை என்பதால், மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகு அவை சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே தொடர்ந்தது.

நாவல் நடப்பது 1720-களின் கடைசியில். அப்போது நாட்டின் பெயர் வேணாடு, தலைநகரம் கல்குளம். 'பத்மநாபபுரம்' என்ற பெயர் மார்த்தாண்டவர்மா அரசரான பிறகு வைத்தது. கதையில் வரும் சாரோட்டுக் கொட்டாரம் இன்றைக்குக் குமரி மாவட்டத்தில் இருக்கிறது. சதியாலோசனைகள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் நடக்கின்றன. கொட்டாரம் என்றால் அரண்மனை என்று குமரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மொழியும் அப்படித்தான் கலந்து கிடந்தது. குளச்சல் போரில் 1741-ல் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் பிடிபட்டு, பிறகு அதே அரசரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையில் எழுத்து லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது.

தகராறின் வேர்

இந்த நாவலில் தமிழ் வாசகர் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்: அரசருக்கு வளர்ந்த மகன்கள் இருக்கும்போது பட்டம் ஏன் மருமகனுக்குப் போகிறது?

மருமக்கத்தாயம் என்ற முறைதான் காரணம். இதில் குடும்பம் என்பது தாய்வழி. ஓர் ஆணின் வாரிசு அவன் சகோதரியின் மகன். வேணாட்டு அரசர் மணந்துகொள்ளும் பெண்ணுக்கு அம்மச்சி என்று பெயர். அவள் அரசியாக மாட்டாள். அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளுக்குத் 'தம்பி', பெண் பிள்ளைகளுக்குத் 'தங்கச்சி' என்ற பட்டப்பெயர் கிடைக்கும். நிலமும் மரியாதையும் கிடைக்கும். சிம்மாசனம் கிடைக்காது.

ராமவர்மா மகாராஜாவின் மகன்களான பப்பு தம்பியும் ராமன் தம்பியும் இதை ஏற்கவில்லை. அப்பா நாட்டை ஆண்டார், நாங்கள் ஏன் ஆளக் கூடாது என்று கேட்டார்கள். அவர்களோடு எட்டுவீட்டில் பிள்ளைமார் சேர்ந்துகொண்டார்கள். 'பிள்ளைமார்' என்றதும் நம் பக்கத்து வெள்ளாளப் பிள்ளைமார் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் கழக்கூட்டம், ராமனாமடம், குடமண், செம்பழந்தி என்று எட்டு வீடுகளைச் சேர்ந்த நாயர் பிரபுக்கள். அரசர் பலவீனமாக இருந்தால்தான் இவர்கள் கை ஓங்கும். இளவரசர் மார்த்தாண்டவர்மாவோ பிரபுக்களின் அதிகாரத்தை உடைக்க நினைத்தவர். ஆக, தம்பிமாருக்கு அது வாரிசு உரிமைச் சண்டை, பிள்ளைமாருக்கு அதிகாரச் சண்டை.

மகனா மருமகனா என்ற கேள்வி அரண்மனைக்குள் மட்டும் இருந்ததில்லை. நாஞ்சில் நாட்டுத் தமிழ் வெள்ளாளர்களும் மருமக்கள் வழியைப் பின்பற்றியவர்கள்தான். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' இந்த முறையில் சிக்கிச் சீரழிந்த ஒரு மனைவியின் புலம்பல். காரணவர் (குடும்பத் தலைவர்) கண்ணை மூடியதும் மருமகன் வந்து சொத்தைப் பிடித்துக்கொள்கிறான். பெற்ற பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள். மனைவி மக்களுக்கென்று 'உகந்துடைமை' என்றொரு சின்னப் பங்கு உண்டு, அதற்கும் வழக்கு, வக்கீல் என்று அலைய வேண்டும். 1926-ல் வந்த சட்டம்தான் இதற்கு முடிவு கட்டியது.

கவிமணியின் அந்தப் பெண் கேட்கும் நியாயமும் நாவலின் வில்லனான தம்பி கேட்கும் நியாயமும் ஒன்றே. நாவல் தம்பியைக் கெட்டவனாகத்தான் காட்டுகிறது. ஆனால் மருமக்கள் வழியைத் தன் வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டு வாசகரால் அவனை முழுதாக வெறுக்க முடிவதில்லை. இந்தச் சங்கடம் நாவலுக்கு ஒரு பலம்.

கதை, சுருக்கமாக

ஒரு பயணக் கூட்டம் பஞ்சவன்காட்டில் ரத்த வெள்ளத்தில் ஓர் இளைஞனைக் காண்கிறது. அங்கே தொடங்குகிறது நாவல். அவன் திருமுகத்துப் பிள்ளையின் மகன் அனந்தபத்மநாபன், இளவரசருக்கு வேண்டியவன். ஊரே அவன் செத்துவிட்டான் என்று நம்புகிறது. அவனை விரும்பிய பாருக்குட்டி மட்டும் நம்பவில்லை. இரண்டு வருடம் கழித்து அவளுக்கு அரசரின் மகன் பப்பு தம்பியோடு சம்பந்தம் பேசுகிறார்கள், தாயே முன்னின்று.

அனந்தபத்மநாபன் சாகவில்லை. பட்டாணிய வியாபாரிகள் அவனைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவன் வேடம் மாற்றிப் பைத்தியக்காரச் சாணானாக (நாடார்களுக்கு அன்று வழங்கிய பெயர்) ஊரைச் சுற்றுகிறான், எதிரிகளின் ரகசியத்தை ஒட்டுக் கேட்கிறான், துரத்தப்படும் இளவரசரைப் பலாமரப் பொந்தில் ஒளிய வைத்துக் காப்பாற்றுகிறான். பட்டாணியர் கூட்டத்திலிருக்கும் சுலைகா அவனை விரும்புகிறாள். அவன் மனம் வேறிடத்தில் இருப்பது தெரிந்தும் விரும்புகிறாள். இன்னொரு பக்கம் குடமண் பிள்ளையின் மருமகள் சுபத்ரா, தன் வீட்டாருக்கு எதிராகவே இளவரசரைக் காப்பாற்றத் துணிகிறாள். கடைசியில் சதி உடைகிறது, இளவரசர் அரசராகிறார், பாருக்குட்டி காத்திருந்தது வீண் போகவில்லை. சுபத்ரா மட்டும் உயிரோடு இல்லை.

எது வரலாறு, எது கற்பனை

1. ராமவர்மா, மார்த்தாண்டவர்மா, தம்பிமாரின் கிளர்ச்சி, பிள்ளைமாரின் எதிர்ப்பு, அது ரத்தத்தில் முடிந்தது எல்லாம் வரலாறு. மார்த்தாண்டவர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டார். 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சாமியின் தாசனாக ஆட்சியைத் தொடர்ந்தார்.

2. பலாமரம் வாய்வழி மரபு. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்துக்குள் 'அம்மச்சிப்பிலாவு' என்ற மரத்தின் அடிப்பாகம் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. இலை இல்லை, கிளை இல்லை, உள்ளே பொந்து விழுந்த பட்ட மரம். ஊர் நம்பிக்கையை நாவல் எடுத்துக்கொண்டது. பின்னர் வந்தவர்கள் நாவலை நினைத்துக்கொண்டு அந்த மரத்தைப் பார்க்கிறார்கள்.

3. பாருக்குட்டி, சுலைகா, சுபத்ரா மூவரும் நாவலாசிரியரின் படைப்பு. 'சுபத்ரா எங்கே கொல்லப்பட்டாள்' என்று அரண்மனையில் கேட்பவர்களுக்குக் காட்ட இடம் எதுவும் கிடையாது.

4. அனந்தபத்மநாபன் விஷயத்தில் குமரி மாவட்டத்தில் வேறொரு மரபு இருக்கிறது. மார்த்தாண்டவர்மாவுக்குத் துணை நின்ற அனந்தபத்மநாபன் நாடார் சமுதாயத்தவர் என்கிறது அது. நாவலிலோ அவர் நாயர். சாணான் என்பது வேடம் மட்டும். ஒரு சமூகத்தின் வீரனை நாவல் வேடமாக்கிவிட்டது என்ற வருத்தம் இதற்குள் இருக்கிறது. அந்த வருத்தத்தைத் தெரிந்துகொண்டு நாவலைப் படிப்பதுதான் சரி.

போர் வீட்டுக்குள் நடக்கிறது

ஆங்கிலத்தில் 'ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ்' எனப்படும் வகையில் மலையாளத்தில் ஒன்று எழுதிப் பார்த்ததாக சி.வி. தன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். வால்டர் ஸ்காட் நாவல்களின் பாதிப்பு தெளிவாகத் தெரியும். ஆனால் ஸ்காட்டைப் போல எழுதிய பலரை உலகம் மறந்துவிட்டது. இது நின்றதற்கு நான் காணும் காரணங்களில் முக்கியமானவை இரண்டு.

1. இந்தப் போருக்குக் களம் கிடையாது. இரண்டு படைகள் அணிவகுத்து மோதுவதை எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். இளவரசருக்கு அடைக்கலம் கொடுத்த மாங்கோய்க்கல் வீட்டின் முற்றுகை போன்ற ஒன்றிரண்டு இடங்களை விட்டால், யுத்தம் முழுக்க வாசலிலும் அடுக்களையிலும் படுக்கையறைக் கதவடியிலும் நடக்கிறது. தம்பியோடு சம்பந்தம் என்று பாருக்குட்டி வீட்டில் பேச்செடுப்பதே ஓர் அரசியல் நகர்வு. பட்டத்துக்கு வரப்போகிறவன் என்று ஊர் நினைப்பவனுக்குப் பெண் கொடுப்பது பக்கம் சேர்வதற்குச் சமம். பாருக்குட்டி 'மாட்டேன்' என்று கதவைச் சாத்தும்போது, தான் அறியாமலேயே ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறாள். காதலை ஓர் அத்தியாயம், போரை ஓர் அத்தியாயம் என்று மாற்றி மாற்றிச் சொல்கிற வேலையே இங்கில்லை. பெண் பார்க்கும் பேச்சு எப்போது பகையாக முறுகும் என்பது நம் ஊர்களில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2. தலைப்பில் இருப்பவர் கதாநாயகன் இல்லை. மார்த்தாண்டவர்மா ஓடுகிறார், ஒளிகிறார், பசியோடு அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறார். காரியத்தை முடிப்பவர்கள் வேறு ஆட்கள்: மாங்கோய்க்கல் குறுப்பு, பைத்தியக்காரன் என்று எல்லோரும் கல்லெறியும் ஒருவன், புருஷன் கைவிட்ட ஒரு பெண். பட்டத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள் பட்டத்துக்குரியவரைச் சுமந்து கரை சேர்க்கிறார்கள். அதனால் இதை ராஜா கதையாகப் படிக்கத் தொடங்குகிறவர் பாதியில் ராஜாவை மறந்துவிடுவார்.

சுபத்ரா

மூன்றாவது காரணத்துக்குத் தனி இடம் வேண்டும்.

சுபத்ராவின் கணவன் அவள் நடத்தையைச் சந்தேகப்பட்டு விட்டுவிட்டுப் போனவன். போனவன் பட்டாணியர் கூட்டத்தில் சேர்ந்து, மதம் மாறி, பீரம்கான் என்ற பெயரில் அதே ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறான் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிகிறது. மூலையில் உட்கார்ந்து அழுகிற பெண் இல்லை அவள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு, எதிரில் இருப்பவன் பேச்சிலேயே அவன் மறைப்பதைப் பிடித்துவிடுகிற கூர்மையோடு வளைய வருகிறாள். இரவில் தனியாக நடக்கிறாள். பாருக்குட்டி நோயில் விழுந்தபோது மருந்து தேடிக் கொடுக்கிறாள். தேடப்படும் இளவரசரைத் தன் புத்தியால் காப்பாற்றுகிறாள்.

அவளுடைய நிலையை மருமக்கத்தாயத்தின் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் நாவலின் ஆழம் தெரியும். மலையாளத்தில் 'மருமகள்' என்றால் முதலில் சகோதரியின் மகள். தாய்வழிக் குடும்பத்தில் அவளுக்கு மேல் அதிகாரம் உள்ளவர் தாய்மாமன் குடமண் பிள்ளை. அவரோ கலகத்தின் தலைவர்களில் ஒருவர். இளவரசருக்குப் பட்டம் கிடைப்பது மருமகன் என்ற உரிமையால். அந்த மருமகனின் உரிமையைக் காக்க, இந்த மருமகள் தன் சொந்த மாமனை எதிர்க்கிறாள். முறையைக் காப்பாற்ற முறையை மீறுகிறாள். அரசருக்கு எந்தச் சட்டம் சிம்மாசனம் கொடுக்கிறதோ அதே சட்டம் அவள் கழுத்தை மாமன் கையில் கொடுத்திருக்கிறது.

அவள் அப்பா யார் என்பது கதையின் பிற்பகுதியில்தான் வெளிப்படுகிறது: திருமுகத்துப் பிள்ளை. அதாவது அனந்தபத்மநாபன் அவளுடைய சகோதரன். இவ்வளவு நாள் யாருமற்றவளாக இருந்தவளுக்கு அப்பா கிடைக்கிறார், சகோதரன் கிடைக்கிறான், விட்டுப்போன கணவனும் தன் தவறை உணர்கிறான். எல்லாம் கூடி வருகிற அந்த நேரத்தில் மாமனின் வாள் வருகிறது. இளவரசர் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார்.

நல்ல முடிவுள்ள காதல் கதைகளை ஒருமுறை படித்து மூடி வைத்துவிடலாம். இங்கே பாருக்குட்டிக்கு அவள் விரும்பியவன் கிடைத்துவிட்டான், நாட்டுக்கு அரசர் கிடைத்துவிட்டார், ஆனாலும் புத்தகத்தை நிம்மதியாக மூட முடியவில்லை. அந்த மகிழ்ச்சிக்கெல்லாம் விலை கொடுத்தவள் அதில் ஒரு நாள்கூட வாழவில்லை. வாசகர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அரசரை விட்டுவிட்டு சுபத்ராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தோற்றவர்களின் பாட்டு

நாவல் வென்றவர்களின் பக்கம் நின்று எழுதப்பட்டது. தோற்றவர்களின் பக்கமும் அழிந்துவிடவில்லை. அது தமிழில், வில்லுப்பாட்டில் இருக்கிறது. வலிய தம்பி, குஞ்சு தம்பி என்ற பெயர்களில் அவர்களைப் பாடும் 'தம்பிமார் கதை' தென்குமரியின் கதைப்பாடல்களில் ஒன்று.

வில்லுப்பாட்டு மேடையைப் பார்த்திருந்தால் அதன் வேகம் தெரியும். கொடை விழா இரவு. குடத்தின் கழுத்தில் நீண்ட வில்லைச் சாய்த்துக் கட்டியிருப்பார்கள், நாணில் மணிகள் தொங்கும். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டியதும் மணிகள் அதிரும், உடுக்கும் குடமும் சேர்ந்துகொள்ளும், பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போட்டுக் கதையை இழுத்துப் போவார்கள். இந்த மேடையில் பாடப்படுபவர்களில் பெரும்பாலோர் அநியாயமாகக் கொலையுண்டவர்கள். கொலையுண்டவர்களைப் பாடி அமைதிப்படுத்துவது இந்தக் கலையின் ஆதி வேலை.

தம்பிமார் அங்கே வில்லன்கள் கிடையாது. அரசருக்குப் பிறந்த வீரப் பிள்ளைகள், வஞ்சகத்தால் வீழ்ந்தவர்கள். மார்த்தாண்டவர்மா அவர்களுடைய தங்கையைப் பெண் கேட்க, அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் உண்டா என்ற பேச்சில் எல்லாம் முறிகிறது. கதை மறுபடியும் மகனா மருமகனா என்ற அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. ஆக, இந்த மண்ணில் ஒரே சண்டைக்கு இரண்டு கதைகள் உயிரோடு இருக்கின்றன: ஒன்று மலையாள நாவல், ஒன்று தமிழ்ப் பாட்டு. முதலாவதைப் படித்தவர் இரண்டாவதைக் கேட்டுவிட்டால், நாவலில் தம்பி வரும் ஒவ்வொரு பக்கத்தையும் வேறு மாதிரி படிப்பார்.

1891 என்ற வருடம்

நாவல் வெளிவந்த அதே வருடம் ஜனவரியில் 'மலையாளி மெமோரியல்' என்ற மனு, அப்போதைய திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் கொடுக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டது. அரசாங்கத்தின் உயர்ந்த பதவிகளில் வெளியிலிருந்து வந்தவர்கள், குறிப்பாகத் தமிழ் பிராமணர்கள் நிறைந்திருக்கிறார்கள், மண்ணின் மக்களுக்கு இடமில்லை என்பது அதன் குறை. சி.வி. அந்த இயக்கத்தில் முனைப்பாக இருந்தவர்.

நாவலில் தம்பியின் சூழ்ச்சிகளுக்கெல்லாம் மூளையாக இருக்கும் சுந்தரய்யன் தமிழ் பேசும் பிராமணன் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1720-களின் கதைக்குள் 1890-களின் கோபம் ஏறியிருக்கிறது. தமிழ் வாசகருக்கு அந்த இடங்கள் உறுத்தும். அதே நேரம், புத்தகம் அச்சானது சென்னையில்தான்.

ஒரு படம், ஒரு வழக்கு

நாவல் 1933-ல் மௌனப் படமாக வந்தது. தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர் ராஜ், இயக்கியவர் பி.வி. ராவ். உரிமை வாங்காமல் எடுத்ததாக நாவலின் பதிப்பாளர்களான கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட, திருவனந்தபுரத்தில் திரையிட்ட உடனேயே படச்சுருள் பறிபோனது. பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் முடக்கப்பட்டதாலேயே அந்தச் சுருள் தேய்ந்து அழியாமல் பதிப்பாளரிடம் பத்திரமாகக் கிடந்தது. 1974-ல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்திய மௌனப் படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அழிந்துபோன நிலையில், இது மிஞ்சியிருக்கிறது.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

தமிழில் மொழிபெயர்ப்பு உண்டு. முடிந்தவர்கள் மலையாளத்திலேயே முயலலாம். குமரித் தமிழ் தெரிந்தவர்களுக்கு உரையாடல்கள் அவ்வளவு அந்நியமாக இருக்காது. பட்டாணியர் ஒரு மாதிரி பேசுவார்கள், தென்பகுதிக்காரர்கள் ஒரு மாதிரி, சுந்தரய்யன் தமிழ் கலந்து ஒரு மாதிரி. கதைசொல்லியின் நடைதான் சம்ஸ்கிருதச் சொற்களால் கனத்திருக்கும். முதல் சில அத்தியாயங்களில் பெயர்கள் மொய்க்கும் என்பதால், யார் யாருக்கு மருமகன், யார் யாருக்கு மகன் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது உதவும். வேடம் போட்டவர்களின் பெயர்களுக்கு எதிரே கொஞ்சம் இடம் விட்டு எழுத வேண்டும். சுபத்ராவின் அப்பா பெயருக்கான இடமும் ரொம்ப நேரம் காலியாகவே இருக்கும்.